புதன்கிழமை வலிப்பு

எம்.எஸ்சி. புள்ளியியல் முடித்த மஹ்ஜபீன், வேலை கிடைக்கும்வரை கள்ளக்குறிச்சியில் அத்தா அமீனுல்லாவின் மருந்துக்கடையில் உட்கார்ந்தாள். படித்த பிள்ளை சும்மா இருப்பாளா? புதன்கிழமைச் சந்தைக்கு வரும் கல்வராயன் மலைக்காரர்களில் வலிப்பு மாத்திரை வாங்குகிறவர்களிடம் "கடைசியா எப்ப வந்துது?" என்று கேட்டுக் கேட்டு, அடுத்தது எப்போது வரும் என்று சொல்ல ஒரு சூத்திரமே போட்டுவிட்டாள். முன்கூட்டியே நாளைக் குறித்து, பிறகு நடந்ததோடு ஒத்துப் பார்ப்பாள். பெரும்பாலும் அச்சாகப் பொருந்தியது. எல்லாருக்கும் புதன்கிழமையே வருகிறதே என்று ஆச்சரியப்பட்டாளே தவிர, சந்தேகப்படத் தோன்றவில்லை.

மலைமேல் கரியாலூரிலிருந்து தன் வலிப்புக்கு மாத்திரை வாங்க வரும் ஆண்டாளுக்கு அந்தச் சூத்திரத்தால் ஒரு காரியம் ஆகவேண்டியிருந்தது.

"பாப்பா, எந்த நாளு வராதுன்னு சொல்லேன். ஆட்டுக்குத் தழ ஒடிக்க மரம் ஏறணும். எங்கூட்டுக்காரரு வுட மாட்றாரு."

"அடுத்த புதன்கிழம வரைக்கும் வராதுக்கா." பெருமையில் வாய் முந்திக்கொண்டது.

மறுநாளே இட ஒதுக்கீட்டுக்காகச் சாலை மறியல். மரங்களை வெட்டி ரோட்டில் போட்டார்கள். பஸ் ஓடவில்லை, அடுத்த சந்தையும் கூடவில்லை. ஊரே அரிசிக்கும் எண்ணெய்க்கும் அலைய, மஹ்ஜபீனுக்கு மட்டும் ஆண்டாளின் புதன்கிழமை என்ன ஆயிற்று என்றே இருந்தது.

வழி திறந்ததும் ஆண்டாள் வந்தாள். மஹ்ஜபீன் முந்திக்கொண்டு கேட்டாள்: "புதன்கிழமதானே வந்துது?"

"இல்ல பாப்பா. மரம் வெட்டிப் போட்டாங்களே, அதுக்கு மறுநாளு."

"வெள்ளிக்கிழமையா? இதுவரைக்கும் எல்லாமே புதன்கிழமதானே?"

"நான் எங்க அப்பிடிச் சொன்னேன்? போன சந்தைலன்னேன். ரெண்டு சந்தைக்கு நடுவுல எந்த நாளு வந்தாலும் எங்களுக்கு அது சந்தைக் கணக்குதான். இந்தத் தபா சந்தையே இல்ல, வேற இன்னா சொல்றது?"

மஹ்ஜபீனுக்குப் புரிந்துபோயிற்று. அவர்கள் 'சந்தை' என்றதையெல்லாம் இவள் புதன்கிழமை என்றே எழுதியிருக்கிறாள். கணித்ததும் சந்தை நாள், சரிபார்த்ததும் சந்தை நாள். கோணல் கோலால் வெட்டிய துணியை அதே கோலால் அளந்தால் சரியாகத்தானே இருக்கும்! வலிப்பை அவள் ஒருநாளும் கணிக்கவே இல்லை. சட்டென்று மரம் நினைவுக்கு வந்தது.

"அக்கா, மரம் ஏறினீங்களா?"

"நீதான வராதுன்ன. ரோட்டுல மரம் வெட்டுன அன்னிக்குப் பொழுது சாயுற வரைக்கும் மேலதான் இருந்தேன்."

ஒரே ஒரு நாள் முந்தி வந்திருந்தால்! மஹ்ஜபீன் மாத்திரையை எடுத்து வைத்தாள்.

"இனிமே எப்ப ஏறலாம் பாப்பா?"

"எனக்குத் தெரியாதுக்கா. தெரிஞ்ச மாதிரி சொன்னது தப்பு. ஏறாதீங்க."

ஆண்டாள் மாத்திரையை முந்தானையில் முடிந்துகொண்டாள்.

"அத ஆட்டுக்கு யாரு சொல்றது?"