வால் முழுதாக இருந்த புறா

புறா சுடும் பந்தயத்தில் பாத்திஸ்தே சுட்டால், மைதானத்தைச் சுற்றிப் போட்ட சுண்ணாம்புக் கோட்டுக்கு வெளியே விழவேண்டிய புறாகூட வெட்கப்பட்டு உள்ளே வந்து விழும் என்று ஸ்பெயினின் வலென்சியாப் பக்கத்து ஊர்களிலெல்லாம் பேச்சு. புறாவைக் கையால் வீசுகிற வோரோவும் லேசுப்பட்டவரில்லை. வாலில் ரெண்டு இறகைப் பிடுங்கிச் சுழற்றி எறிந்தாரென்றால், எந்தப் பக்கம் போவதென்று அந்தப் புறாவுக்கே தெரியாது. வீசுபவரா, சுடுபவரா என்பதுதான் பந்தயமே. மீசை முளைத்த நாளிலிருந்து இருவரும் ஒருவரை ஒருவர் தோற்கடித்து, சேர்ந்து குடித்து, தோளில் கைபோட்டு வீடு திரும்பியவர்கள்.

அன்று காய்ந்த ஆற்றுமணலில் மிஞ்சி நின்றவர்கள் இருவர்: பாத்திஸ்தேவும், சூவேக்கா ஊர் இளைஞன் ஒருவனும். இந்தப் புறாவை இவர் விட்டு, அடுத்ததை அவன் வீழ்த்தினால் பாத்திஸ்தே வெளியே. அவருடைய இரட்டைக்குழல் துப்பாக்கி மாதாகோவில் மணியைவிட மூத்தது. அதற்குத் தோட்டாவை அவரேதான் அடைப்பார். தோள்மூட்டு தேய்ந்துபோய், சுடும்போது துப்பாக்கி உதைக்கிற உதை தாங்க முடியாததால், இந்த வருடம் வெடிமருந்தைக் குறைத்து அடைத்திருந்தார். மனைவியிடம்கூடச் சொல்லவில்லை. சொன்னால் துப்பாக்கி பரணுக்குப் போய்விடும். துப்பாக்கி போனால் பாத்திஸ்தே என்று யாரைக் கூப்பிடுவது?

"என்னடா, காலையிலேர்ந்து உன் துப்பாக்கி இருமிக்கிட்டே இருக்கு?" என்றார் வோரோ, கூடைக்குள் கையை விட்டபடி.

"உன் காதுல மெழுகு அடைச்சிருக்கு. வீசுடா, கெழவா."

வோரோ கூடையிலிருந்து ஒரு புறாவை எடுத்து வீசினார்.

புறா கையைவிட்டு எழுந்தது. புரளவில்லை, திரும்பவில்லை. பூசைக்குப் போகிற விதவை மாதிரி நேராக, நிதானமாகப் போனது. விரிந்த வாலில் ஓர் இறகுகூடக் குறையவில்லை. கண்ணை மூடிக்கொண்டு சுட்டாலும் விழும்.

பாத்திஸ்தே துப்பாக்கியைத் தாழ்த்தினார். புறா கோட்டைத் தாண்டி, ஆரஞ்சுத் தோப்புகளுக்கு மேலே போய்விட்டது.

"ஏன்டா சுடல?" என்றார் வோரோ.

"நீ ஏன்டா இறகப் பிடுங்கல?"

"சத்தத்துலயே தெரிஞ்சுபோச்சுடா. மருந்தக் கொறச்சிருக்க."

"அதுக்கு? பிச்ச போடுவியா?"

வோரோ தொப்பியைக் கழற்றி மணலைத் தட்டினார். தொப்பியில் மணலே இல்லை.

துப்பாக்கியை மடக்கி, சுடாத தோட்டாக்களை உருவிப் பைக்குள் போட்டுக்கொண்டு பாத்திஸ்தே ஆற்றோரமாகத் தனியே நடந்தார். பாதி வழியில், பின்னால் சூவேக்காக்காரனின் துப்பாக்கி வெடித்தது. முழு மருந்து, சத்தம் மலைவரை போய்த் திரும்பியது. பாத்திஸ்தேவின் கை தன்னையறியாமல் போய்த் தோளைப் பிடித்துக்கொண்டது.