சம்கிப் புடவை

கண்ணாடிக்குள் இருந்த பெண் சிவப்புப் பட்டு உடுத்தியிருந்தாள். நேற்று அம்பத்தூர் ஸ்டேஷன் அருகே இந்தப் படச் சட்டக் கடையில் கங்காதரன் படத்தைக் கண்ணாடி போடக் கொடுத்தபோது அவள்மேல் ஒரு நூல்கூட இல்லை.

“இன்னா நைனா, முழிக்கிறே?” என்றான் துலுக்கானம். சாமி படங்களில் துணி வெட்டி ஒட்டி, ஜரிகையும் சம்கியும் வைத்துக் கண்ணாடி போடுவது அவன் தொழில். “பொம்பளைங்க வந்து போற கட. அப்டியே மாட்டி வெக்க முடியுமா? எந்த அம்மன்னு தெர்ல, அதான் சூலம் வெக்கல.”

“சாமி இல்லண்ணாத்தே, எங்க வாத்தியார் குடுத்த படம். பிரிச்சிடு.”

“வஜ்ஜிரப் பசை போட்டு ஒட்டிக்கீறேன். பிரிச்சா தோலும் சேந்து வந்துடும்.”

கங்காதரன் காசைக் கொடுத்துப் படத்தை எடுத்துக்கொண்டான். அவனுக்குப் பகலில் குமாஸ்தா வேலை, மாலையில் பட்டணத்தில் ஓவிய வகுப்பு. போன நூற்றாண்டில் பிரான்சில் யாரோ தீட்டிய தைலவண்ண ஓவியத்தின் அச்சுப்படம் அது. ஆடையில்லாத அந்த உருவம் என்ன சொல்கிறது என்று இன்று அவன் பேசவேண்டும். சரியாகப் பேசினால்தான் அடுத்த வருஷமும் இடம். ஒரு வாரமாக நாட்குறிப்பில் எழுதி எழுதி அடித்து, ஒளி என்றும் தூய்மை என்றும் ஏதோ சேர்த்து வைத்திருந்தான். அதிலும் நம்பிக்கையில்லை.

ரயிலில் எதிரே உட்கார்ந்திருந்த கூடைக்காரி படத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

“மாங்காட்டு அம்மனா, நைனா? மூஞ்சி வாடிக் கீதே. பூச போடலியா?”

அவன் குனிந்து பார்த்தான். வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு கை கால்களின் அளவையெல்லாம் குறித்தவன், முகத்தை மட்டும் பார்க்கக் கூசியிருந்தான். இப்போது முகம்தான் மிச்சம். இமையோரம் சிவந்திருந்தது. கூந்தலுக்கு மேல் ஒரு கையைத் தூக்கியபடி, தீட்டுகிறவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். உதடு ஏதோ கேட்கப் போவதுபோல் பிரிந்திருந்தது.

வில்லிவாக்கத்தில் அவன் தன் கையை அப்படியே தூக்கிப் பார்த்தான். கூடைக்காரி கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தாள். பெரம்பூர் வருவதற்குள் தோள் கடுத்தது. அவள் எத்தனை மணி நேரம் இப்படி நின்றாளோ.

வகுப்பில் படத்தை முக்காலியில் நிறுத்தியதும் சிரிப்பு வெடித்தது.

“புடவை எந்தக் கடைப்பா?” என்று ஒருவன் கத்தினான். வாத்தியார் சிரிக்கவில்லை.

“என் படத்தை என்னடா பண்ணினே?”

கங்காதரன் நாட்குறிப்பைத் திறக்கவில்லை. படத்தின் பக்கத்தில் போய் நின்று, அவளைப் போலவே ஒரு கையைத் தலைக்கு மேல் தூக்கினான். சிரிப்பு இன்னும் கூடியது. அவன் கையை இறக்கவில்லை. மெல்ல மெல்ல அறை அடங்கியது. விரல்கள் நடுங்கத் தொடங்கின. வாத்தியார் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு அந்த விரல்களைப் பார்த்தார், பிறகு அவள் முகத்தை.