பன்னிரண்டு ஓட்டைகளும் இரண்டு வட்டுகளும்

பெடலோடு சுழன்று செயினை இழுக்கும் பல்சக்கரம்தான் செயின் வீல். நான் செய்த செயின் வீலைப் பார்த்து எங்கள் சைக்கிள் கிளப்பின் ராட்னி பெக்கோவர் "பிஸ்கட் டப்பா மூடியா?" என்று கேட்ட நாளிலிருந்து எனக்கும் அவனுக்கும் ஆகாது. அவன் சைக்கிளில் இருப்பதெல்லாம் இத்தாலியிலிருந்து பெட்டியில் வந்து இறங்கியவை. அவனாக அதில் செய்தது ஒன்றே ஒன்றுதான்: காற்றடித்தது. என் தங்கை ஏவ்ரிலின் சைக்கிளிலோ பாதிக்கு மேல் என் கைவேலை. ஷெஃபீல்டில் கத்தரிக்கோல் செய்யும் ஆலை ஒன்றில் எனக்கு உலோகம் செதுக்கும் மில்லிங் மெஷினில் வேலை. மதியம் எல்லோரும் சாண்ட்விச் தின்னும் நேரத்தில் நான் அலுமினியத் தகட்டில் பல் வெட்டுவேன். ஃபோர்மேனுக்குத் தெரியும். அவரும் சைக்கிள்காரர், அதனால் கண்டுகொள்ள மாட்டார்.

எங்கள் கிளப்பின் சைக்கிள் மலையேற்றப் பந்தயம் வருஷா வருஷம் அக்டோபரில். நிமிஷத்துக்கு ஒருவராகப் புறப்பட்டு ஹாக்லி மேட்டில் ஒன்றேகால் மைல் மூச்சு முட்ட ஏற வேண்டும். கூட யாரும் இல்லை, கடிகாரம் ஒன்றுதான் எதிரி. அதனால் செப்டம்பர் வந்தாலே எங்கள் ஆட்களுக்குக் கிறுக்குப் பிடித்துவிடும். பிரேக் லீவர், சீட் கம்பி, பெடல் என்று கண்ணில் பட்டதையெல்லாம் எடை குறைக்கத் துளைப்பார்கள். துளைத்தெடுத்த துருவலையும் துண்டுகளையும் ஜாம் பாட்டிலில் போட்டு, பந்தயத்தன்று டீ மேசையில் வரிசையாக வைப்பது வழக்கம். யார் பாட்டில் கனமோ அவருக்கு இஞ்சி கேக் முழுசாகக் கிடைக்கும்.

போன வருஷம் அந்தக் கேக் எனக்குத்தான் கிடைத்தது. அதைத் தின்ன எனக்கு மனசு வரவில்லை. நான் குடைந்து கொடுத்த சீட் போல்ட் மேட்டின் பாதியில், செங்குத்து வளைவில் முறிந்து, ஏவ்ரிலின் தொடையைக் கிழித்துவிட்டது. அவளை வேனில் போட்டுக் கீழே கொண்டு வந்தார்கள். தப்பு என்னுடையது. உள்ளே கூரான மூலையை விட்டுவிட்டேன், விரிசல் அங்கேதான் பிடித்தது. ராட்னி சும்மா இருப்பானா? வீட்டில் செய்த பாகம் எதுவும் கிளப் பந்தயத்தில் கூடாது என்று தீர்மானம் எழுதிக் கொடுத்துவிட்டான். இந்த வருஷப் பந்தயம் முடிந்ததும் டீக்குப் பிறகு ஓட்டெடுப்பு. அன்றைக்கு என் பாகம் ஒன்று முறிந்தால் போதும், என் கைக்கு அதோடு பூட்டு.

"வேற யார் பாகத்தையாவது போட்டுக்கோடி," என்று ஏவ்ரிலிடம் சொல்லிப் பார்த்தேன்.

"ஏன் தெல்மா, உனக்கே உன் மேல நம்பிக்கை இல்லையா?"

"உன் தொடையில பதினோரு தையல்."

"தொடை என்னோடது. நீ வாய மூடிட்டு வேலையப் பாரு," என்றாள். பள்ளிக்கூடச் சமையலறையில் முந்நூறு பிள்ளைகளை அதட்டிச் சாப்பிட வைக்கிறவள். அவளிடம் எதிர்த்துப் பேசி ஜெயித்தவர் இல்லை.

புதுச் செயின் வீல் ஒன்றுக்காக மூன்று மாதம் உழைத்தேன். நாற்பத்திரண்டு பல், பன்னிரண்டு பெரிய ஓட்டை. ஒவ்வொரு ஓட்டையின் விளிம்பையும் அரத்தால் உருட்டி, உப்புத்தாள் போட்டு, கன்னத்தில் தேய்த்தாலும் உறுத்தாத அளவுக்கு வழவழப்பாக்கினேன். பிறகு நூலில் தொங்கவிட்டு ஸ்பூனால் ஒரு தட்டு. உள்ளே மயிரிழை விரிசல் இருந்தாலும் சத்தம் 'தொப்'பென்று செத்துவிடும். இது கணீரென்று பாடியது. எனக்குக் கண் கலங்கிவிட்டது, சொல்வதற்கென்ன வெட்கம்?

ஆனால் இந்த எடைப் பைத்தியம் இருக்கிறதே, அது ஆளை விடாது. பந்தயத்துக்கு முந்தின நாள் சாயங்காலம் ஏவ்ரிலின் சமையலறைத் தராசில் சைக்கிளைத் துண்டு துண்டாக நிறுத்தோம். ஹேண்டில்பாரின் முனைகளை அடைத்திருந்த பிளாஸ்டிக் மூடிகளைப் பிடுங்கி, "கால் அவுன்ஸ்!" என்று கூவி ஜன்னல் வழியே தோட்டத்தில் எறிந்தது நான்தான். ஏவ்ரில் கைதட்டினாள்.

மறுநாள் காலை ஹாக்லி மேட்டின் அடிவாரத்தில், புறப்படும் கோட்டுக்குப் பக்கத்தில், கிளப் செயலாளர் மிஸ்டர் டிரான்மர் சைக்கிள்களைச் சோதித்துக்கொண்டிருந்தார். சொந்த மருமகனையே பிரேக் சரியில்லை என்று வீட்டுக்கு அனுப்பியவர். ஏவ்ரில் புறப்பட மூன்று நிமிஷம். அவர் ஹேண்டில்பார் முனையில் சுட்டுவிரலை விட்டார். விரல் சரக்கென்று உள்ளே போனது.

"மூடி எங்க, கண்ணு?"

ஏவ்ரில் திரும்பி என்னைப் பார்த்தாள். மூடி இரண்டும் வீட்டுத் தோட்டத்தில் கிடந்தன.

"கீழ விழுந்தா ஆப்பிளக் குடையுற மாதிரி வயித்தக் குடைஞ்சிடும். மூடி இல்லன்னா ஓட்ட முடியாது."

"மிஸ்டர் டிரான்மர், ஒரு தடவை..." என்று கெஞ்சினேன்.

"சட்டம் சட்டம்தான், கண்ணு. மூணு நிமிஷம் இருக்கு. நேரம் தப்பினாலும் கடிகாரம் நிக்காது."

முன்னமே ஏறி இறங்கி வந்து பக்கத்தில் நின்ற ராட்னி சிரித்தான். "மூடிய மறந்தவங்க மத்ததெல்லாம் எப்படிச் செஞ்சிருப்பாங்களோ, அம்மணி?"

"வாய மூடுறியா, உன்ன மடிச்சு அந்தக் குழாய்க்குள்ள சொருகட்டுமா?" என்று கத்தினேன். கத்தும்போதுதான் என் கையிலேயே ஜாம் பாட்டில் இருப்பது உறைத்தது. டீ மேசைக்கு எடுத்துப் போய்க்கொண்டிருந்தேன். அதற்குள் துருவலோடு துருவலாகப் பன்னிரண்டு வட்டுகள், செயின் வீலில் ஓட்டை போட்டபோது விழுந்தவை. பாட்டிலைப் புல்லில் கவிழ்த்து இரண்டைப் பொறுக்கினேன். வட்டு கொஞ்சம் சின்னது. சுற்றிலும் டேப் சுற்றி, உள்ளங்கையால் அடித்து இறக்கினேன். இரண்டும் இறுகப் பிடித்துக்கொண்டன.

டிரான்மர் குனிந்தார். "நடுவுல ஓட்டை இருக்கே?"

"டிரில் ஊசி போன வழி. உங்க சுண்டுவிரல் போகுதான்னு பாருங்க."

மனுஷர் உண்மையாகவே சுண்டுவிரலை வைத்துப் பார்த்தார். போகவில்லை. கட்டைவிரலால் அழுத்தினார். அசையவில்லை. "சரி, போ," என்றார்.

"நேத்து எறிஞ்ச மூடிய விட இது எடை கம்மிடி," என்று ஏவ்ரிலின் காதில் சொன்னேன். பதற்றத்திலும் அதை மறைக்க முடியவில்லை. ஒருவர் சீட்டைப் பிடித்துக்கொள்ள, அவள் இரண்டு காலையும் பெடலில் கட்டிக்கொண்டு என்னைப் பார்த்துக் கண்ணடித்தாள். அடுத்த நொடி பறந்துவிட்டாள்.

கீழேயிருந்து பாதி மேடு வரைக்கும்தான் தெரியும். அவளுடைய ஆரஞ்சுச் சட்டை சின்னதாகிக்கொண்டே போனது. செங்குத்து வளைவு வந்தது. எழுந்து நின்று முழுப் பலத்தையும் என் செயின் வீல் மேல் இறக்கினாள். நான் நகத்தைக் கடித்தேன், நகம் தீர்ந்து விரலையும் கடித்தேன். சட்டை வளைவைத் தாண்டி மரங்களுக்குள் மறைந்தது.

அதற்கப்புறம் காத்திருப்பது மகா கொடுமை. பத்து நிமிஷம் கழித்து மேலேயிருந்து வேன் இறங்கி வந்தது. போன வருஷம் வந்த அதே வேன். ஓடினேன். பின்கதவைத் திறந்தால் உள்ளே வேறொருத்தன், மேலே போய் வாந்தியெடுத்துச் சுருண்டு விழுந்தவன். அவன் மேல் எனக்கு எவ்வளவு பிரியம் பொங்கியது தெரியுமா, கட்டிப் பிடித்துவிட்டேன். பாவம், மிரண்டு போனான்.

அவனுக்குப் பின்னாலேயே ஏவ்ரில் வந்தாள். சீட்டில் உட்கார்ந்து, ஒரு கையை விட்டுவிட்டு.

"அஞ்சு நிமிஷம் பதினோரு செகண்டு!" என்று தூரத்திலிருந்தே கத்தினாள். "பொம்பளைங்க ரெக்கார்டு போச்சு! ராட்னிய விட ரெண்டு செகண்டு முன்னாடி!"

நான் அழுதேன். அவளும் அழுதாள். ராட்னி தன் ஷூ கயிற்றை மறுபடி மறுபடி கட்டிக்கொண்டிருந்தான்.

ஆனாலும் ஓட்டெடுப்பு நடந்தே தீர வேண்டும். சர்ச் கூடத்தில் டீ முடிந்ததும் ராட்னி எழுந்து தீர்மானத்தை வாசித்தான். வார்த்தையில் சாமர்த்தியசாலி. "இன்னைக்கு உடையல, சரி. ஆனா உள்ள விரிசல் விட்டிருந்தா? அடுத்த வாரம் இன்னொருத்தர் தொடை கிழிஞ்சா? கண்ணுக்குத் தெரியாதத எப்படி நம்புறது?" என்றான். நாலைந்து பேர் தலையாட்டினார்கள். ஏவ்ரிலின் தழும்பை எல்லோரும் பார்த்திருக்கிறார்கள். அவன் கேட்பதில் நியாயம் இருந்தது, அதுதான் என்னைச் சுட்டது.

ஏவ்ரில் எழுந்தாள். வெளியே போய்ச் சைக்கிளை உள்ளே தூக்கி வந்தாள், ஒற்றைக் கையால். அஞ்சு போல்ட்டையும் கழற்றி, எண்ணெய் சொட்டச் சொட்டச் செயின் வீலை எடுத்து டவலில் துடைத்தாள். தன் ஷூ கயிற்றை உருவி, அதில் கட்டி, என் கையில் கொடுத்தாள். டிரான்மரின் டீ கோப்பையிலிருந்து ஸ்பூனை எடுத்து அதையும் நீட்டினாள்.

"தட்டு, தெல்மா."

நான் கையை உயர்த்திப் பிடித்தேன். மேட்டில் அவள் முழுப் பலத்தையும் தாங்கிய பிறகு அதை நான் தட்டிப் பார்க்கவில்லை. செத்த சத்தம் வந்தால் இத்தனை பேர் முன்னால் என் கதை முடிந்தது.

தட்டினேன்.

கணீரென்றது. கூரை வரை போய்த் திரும்பியது. எல்லாரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு அது அடங்கும் வரை கேட்டார்கள். அடங்கவே அவ்வளவு நேரம் பிடித்தது.

டிரான்மர் தன் ஸ்பூனை என் கையிலிருந்து வாங்கித் துடைத்துக் கோப்பையில் போட்டார். "தீர்மானத்துக்கு ஆதரவா இருக்கிறவங்க கையத் தூக்கலாம்," என்றார்.

ராட்னியின் கை தோள் வரை எழுந்தது. சுற்றிலும் பார்த்தான், வேறு ஒரு கையும் எழவில்லை. அந்தக் கையாலேயே பிடரியைச் சொறிந்துகொண்டு உட்கார்ந்துவிட்டான்.

இஞ்சி கேக் இந்தத் தடவை எனக்குக் கிடைக்கவில்லை. பாட்டிலில் பாதி புல்லோடு போய்விட்டதே. நான் கவலைப்படவில்லை. கிளம்பும்போது ராட்னி என் பக்கத்தில் வந்து தொண்டையைக் கனைத்தான். "என் சைக்கிளுக்கும் அது மாதிரி ஒண்ணு..."

நான் வாயைத் திறப்பதற்குள் ஏவ்ரில் முந்திக்கொண்டாள்.

"வரிசையில நில்லுப்பா. உனக்கு முன்னாடி மிஸ்டர் டிரான்மர் இருக்காரு."