வீட்டு மெஷின் காட்டிய எடை

முத்திரையக்கா இருபது கிலோ இரும்புக் கல்லைத் தூக்கிக்கொண்டு எடை குறைப்பு மையத்தின் படியேறினாள். மெம்பர்ஷிப்பை நிறுத்த வருகிறவர்கள் கோபத்தோடு வருவதுண்டு. கல்லோடு வந்தவள் இவள் ஒருத்திதான்.

கடை கடையாகப் போய்த் தராசுகளைச் சோதிப்பது அவள் உத்தியோகம். சரியாக இருந்தால் முத்திரை குத்துவாள், இல்லாவிட்டால் சிவப்புச் சீட்டு ஒட்டுவாள். அந்தப் பெயரும் கடைக்காரர்கள் வைத்ததுதான். இருபது வருஷம் இந்த வேலை பார்த்ததில் மனுஷ ஜாதி மேலேயே அவளுக்கு நம்பிக்கை விட்டுப்போயிருந்தது. தராசை வைத்துப் பிழைக்கிற எவனும் அதை எங்காவது ஒரு தட்டு தட்டியிருப்பான் என்பது அவள் முடிவு.

அவள் தம்பிக்கு இரண்டு சிறுநீரகமும் செயலிழந்துவிட்டன. வாரம் மூன்று நாள் டயாலிசிஸ். ஒன்றை இவள் கொடுப்பதாக ஏற்பாடு. பொருத்தமெல்லாம் பார்த்தாகிவிட்டது. எழுபத்தைந்து கிலோவுக்குக் கீழே வந்தால்தான் கத்தி வைப்பேன் என்று டாக்டர் சொன்னபோது இவள் எண்பத்துநான்கு. அதற்காகத்தான் இந்த மையத்தில் சேர்ந்தாள்.

முதல் இரண்டு மாதம் மையத்து மெஷினும் வீட்டு மெஷினும் ஒரே எடையைத்தான் காட்டின. அப்புறம் ஆளுக்கொரு பேச்சு பேச ஆரம்பித்தன. போன வாரம் மையத்தில் எழுபத்துநான்கு புள்ளி எட்டு. அன்று சாயங்காலமே வீட்டில் எழுபத்தெட்டரை. வாடிக்கையாளரைக் குளிர வைக்க மையத்துக்காரர்கள் மெஷினைத் திருகிவிட்டார்கள் என்று அவள் தீர்மானித்தாள். வீட்டு எடையை நம்பி ஆஸ்பத்திரித் தேதியை இரண்டு தடவை தள்ளிப் போட்டிருந்தாள். இந்த மாதத்துக்குள் வராவிட்டால் எல்லாச் சோதனையும் மறுபடி முதலிலிருந்து என்று நேற்றுதான் அங்கிருந்து போன் வந்தது. தம்பியின் உடம்பு அவ்வளவு நாள் தாங்குமா என்பதை யாரும் சொல்லவில்லை.

வரவேற்பில் இருந்த பெண் நிறுத்தல் படிவத்தை எடுக்கவே பத்து நிமிஷம் ஆக்கினாள். இவ்வளவு தூரம் வந்துவிட்டு விடலாமா, ஒரு மாதம் இலவசமாகத் தருகிறோம், மேலாளரிடம் ஒரு வார்த்தை பேசுங்கள் என்று வரிசையாக எடுத்துவிட்டாள். முத்திரையக்கா படிவத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். காரணம் என்ற கட்டத்தில் 'எடை காட்டுவதில் மோசடி' என்று எழுதினாள். கடைசியாக ஒருமுறை மெஷினில் ஏறி நிற்க வேண்டும், அதுதான் விதி என்றாள் பெண்.

“நான் அப்புறம் ஏறுறேன். முதல்ல இது ஏறட்டும்.”

கல்லை வைத்தாள். இருபது. தசமப் புள்ளிக்குப் பிறகு சுத்த பூஜ்யம். கீழே வேனுக்குப் போய் இன்னொன்றைத் தூக்கி வந்தாள். நாற்பது. மூச்சு வாங்க மூன்றாவதையும் கொண்டு வந்து ஏற்றினாள். அறுபது.

“இன்னும் எத்தனை கல்லு இருக்கு மேடம்?” என்றாள் பெண். “உங்களுக்கு இதுலயே ரெண்டு கிலோ குறைஞ்சிருக்கும்.”

முத்திரையக்காவுக்குச் சிரிப்பு வரவில்லை. கற்களை இறக்கிவிட்டுத் தான் ஏறினாள். எழுபத்துநான்கு புள்ளி எட்டு. படிவத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, கற்களை ஒவ்வொன்றாக வேனுக்கு இறக்கினாள். ஊரில் உள்ள தராசையெல்லாம் சோதித்தவள் தன் வீட்டு மெஷின் மேல் ஒரு கல்லை வைத்துப் பார்க்கவில்லை. பூஜ்யம் சரியாக நிற்கிறது என்று விட்டுவிட்டாள்.

வீட்டில் தம்பி கூடத்து மேஜையில் ஒரு மிக்சியைப் பிரித்துப் போட்டு உட்கார்ந்திருந்தான். உடம்பு கெடுவதற்கு முன் மின்சாமான் பழுது பார்ப்பதுதான் அவன் தொழில். அவள் வேனிலிருந்து கொண்டு வந்த ஒரு கல்லை நேராக மெஷினில் வைத்தாள். இருபத்தொன்று.

முதலில் புருஷன் மேல்தான் சந்தேகம் போனது. ஆபரேஷன் பேச்சை எடுத்தாலே முகம் சுளித்து எழுந்து போகிற ஆள். மையத்துக்காரன் திருடன், நிறுத்தித் தொலை என்று நச்சரித்ததும் அவர்தான். ஆனால் தன் போனில் அலாரம் வைக்கவே பக்கத்து வீட்டைக் கூப்பிடுகிறவர் அவர்.

மெஷினுக்கு மேலே ஆணியில் தம்பியின் நோட்டு தொங்கியது. உடம்பில் நீர் சேர்கிறதா என்று பார்க்க அவன் தினமும் காலையில் எடை எழுத வேண்டும். இன்றைய வரியில் ஐம்பத்திரண்டு என்றிருந்தது.

“ஏறு,” என்றாள்.

“காலையிலயே பார்த்தாச்சுக்கா.”

“ஏறுடா.”

ஏறினான். ஐம்பத்துநான்கு புள்ளி ஆறு.

“காலையிலேர்ந்து ரெண்டரை கிலோ தின்னியா? உனக்கு ஒரு டம்ளர் தண்ணியே அளவு.”

அவன் நோட்டைப் பார்த்தான், அவளைப் பார்க்கவில்லை. மெஷின் பொய் சொல்வது தெரிந்தவனால்தான் அதைக் கழித்து எழுத முடியும்.

அவளுக்கு நினைவு வந்தது. மூட்டைக்கடைக்காரன் ஒருவனைப் பிடித்த கதையை ஒருநாள் சாப்பிடும்போது அவளேதான் விலாவாரியாகச் சொன்னாள். மெஷினுக்கு அளவு பழக்கும்போது அது அறுபது கிலோ கேட்கும், அவன் ஐம்பத்தேழை வைத்தான். பூஜ்யம் அப்படியே நிற்கும், எடை மட்டும் கூடும். தம்பி அன்று சோற்றை மறந்து கேட்டுக்கொண்டிருந்தான்.

“எதை வெச்ச?”

“இருபது லிட்டர் தண்ணி கேன் மூணு. ஒண்ணுல மூணு லிட்டர் குறைச்சு. தூக்க முடியல, மெஷின் மேலேயே வெச்சு மக்கால மொண்டு ஊத்தினேன்.”

“எதுக்கு?”

“உன்னை வெட்டிப் போட்டு நான் எழுந்து நடக்கணுமா? உனக்கு ஏதாவது ஆனா மாமா மூஞ்சியில நான் எப்படி முழிப்பேன்? எடையே இறங்கலன்னா நீயா விட்டுடுவேன்னு பார்த்தேன்.”

அவள் நாற்காலியை இழுத்து எதிரே உட்கார்ந்தாள். அறையலாம் போல இருந்தது, அறைந்தால் தாங்குகிற உடம்பில்லை அது.

“வேண்டாம்னா டாக்டர்கிட்ட வாயால சொல்லு. நான் பேசாம இருந்துடறேன். மெஷின விட்டுச் சொல்ல வைக்காதே. இப்ப சொல்றியா?”

மிக்சியின் திருகு ஒன்றை அவன் விரலால் உருட்டிக்கொண்டே இருந்தான். அது மேஜை விளிம்பிலிருந்து விழுந்தது. இருவரும் எடுக்கவில்லை.

“பயமா இருக்குக்கா,” என்றான்.

“எனக்கு மட்டும் இல்லையா? வேணுமா, வேண்டாமா?”

“வேணும்.”

அவள் ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டாள். வருகிற திங்கட்கிழமை காலை, வெறும் வயிற்றோடு வரச் சொன்னார்கள். பையிலிருந்து படிவத்தை எடுத்து, மோசடியை அடித்துவிட்டு, 'எடை இறங்கிவிட்டது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். பிறகு வீட்டு மெஷினின் நெற்றியில் ஒரு சிவப்புச் சீட்டை ஒட்டினாள்.

தம்பி அதையே பார்த்துக்கொண்டிருந்தான். “ஆஸ்பத்திரி மெஷின் சரியா இருக்கும்னு எப்படிச் சொல்ற?”

“கல்லு வேன்லதான இருக்கு,” என்றாள்.