சிவப்புக் கோட்டுக்குக் கீழே

அப்பா முப்பத்து மூன்று வருடம் துறைமுக அலுவலகத்தில் சிவப்புக் கோடு கீறியவர். காலை எட்டு முப்பத்தைந்து ஆனதும் வரவுப் பதிவேட்டில் கடைசிக் கையெழுத்துக்குக் கீழே அடிமட்டத்தை வைத்து ஒரு கோடு. அதற்குப் பிறகு வருகிறவர் பெரியவரோ சிறியவரோ, கோட்டுக்குக் கீழேதான் ஒப்பமிட வேண்டும். ஒருநாள் அலுவலகத்துப் பெரியவரே இரண்டு நிமிடம் பிந்தி நனைந்துகொண்டு வந்து, "அருளம்பலம், சரியான மழை" என்றாராம். "மழைக்குப் பதிவேட்டில நிரல் இல்லை, சேர்" என்றாராம் அப்பா.

அப்படிப்பட்டவரின் மூத்த மகள் மீன் வெட்டுகிறாள். அதுவும் உலகம் முழுக்கப் பார்க்க.

நிவேதிகா அக்காவின் வீடியோ சனலுக்குப் பெயர் 'வெட்டுவம் வாங்கோ'. முகம் வராது. கை, கத்தி, பலகை, மீன், அவ்வளவுதான். கணவாயின் மைப்பையை உடைக்காமல் எடுப்பது எப்படி, திருக்கையின் தோலை உரிப்பது எப்படி, நண்டிடம் கடி வாங்காமல் தப்புவது எப்படி. போனைப் பிடிப்பது நான். கதைக்கத் தேவையில்லாத வேலை என்பதால் எனக்குப் பிடித்திருந்தது. நோர்வேயிலும் கனடாவிலும் முழுமீனை வாங்கி வந்து, அதை எங்கே தொடங்குவது என்று தெரியாமல் பார்த்துக்கொண்டு நிற்கிற எங்கள் சனம் நிறைய. ஒரு வருடமாக மாதா மாதம் வங்கிக்குக் காசு வருகிறது. வீட்டுக் கரண்ட் பில் அதில்தான் போகிறது.

"காசு வாறது வேற, உத்தியோகம் வேற" என்பார் அப்பா. "மேலதிகாரி ஆர்? லீவு எத்தினை நாள்? பென்சன் இருக்கோ? ஆரும் கேட்டால் நான் என்ன சொல்லுறது? ஹாபர் கிளாக்கற்ற மகள் மீன் வெட்டுறா எண்டோ?"

"அம்மா வெட்டேக்க ஒண்டும் சொல்லேல்லையே அப்பா?"

"கொம்மா குசினிக் கதவைச் சாத்திப்போட்டு வெட்டுறவ."

அம்மாவின் தம்பி இராசையா மாமாவுக்கு டவுனில் ஹாட்வெயார் கடை. அங்கே காசு வாங்குகிற கதிரை காலியாகியிருந்தது. "பிள்ளையை அனுப்புங்கோ அத்தான், ஃபானுக்குக் கீழ இருக்கிற வேலை" என்று மாமா சொன்னார். அப்பா அந்த இடத்திலேயே ஓம் என்றிருப்பார். அக்கா அழுது பார்த்தாள். பலிக்கவில்லை. பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு அப்பாவின் பாஷையிலேயே கதைத்தாள்.

"எனக்கு மூண்டு மாசம் தகுதிகாண் காலம் தாங்கோ அப்பா. அதுக்குப் பிறகு நிரந்தரமாக்கிறதோ நிப்பாட்டுறதோ உங்கட முடிவு."

அப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார். ஓய்வுபெற்ற நாலு வருடத்தில் அவரிடம் யாரும் அந்தச் சொல்லைச் சொன்னதில்லை.

மறுநாள் காலை மேசையில் வரவுப் பதிவேடாகப் புதிய சீ.ஆர். கொப்பி, அடிமட்டம், சிவப்புப் பேனை. எட்டரைக்குக் கையெழுத்து. மாதத்தில் மூன்று நாள் கோட்டுக்குக் கீழே போனால் பணிநீக்கம், மாமாவின் கடை.

முதல் கிழமையிலேயே இரண்டு நாள் போயிற்று. வள்ளங்களுக்குக் கோடு தெரியாது. கணவாய்க்குக் காத்து நின்று ஓட்டோவில் வந்து இறங்கும்போது எட்டு முப்பத்தேழு. அக்கா செதில் ஒட்டிய கையோடு ஒப்பமிட்டாள். மீன் வாடை போகட்டும் என்று அப்பா கொப்பியை முற்றத்து வெயிலில் விரித்து வைக்க, வீதியில் நின்ற மான் ஒன்று உள்ளே வந்துவிட்டது. எங்கள் ஊர் வீதிகளில் மாடுகள் மாதிரித் திரிகிற மான்கள் கடதாசி என்றால் விடா. அடிமட்டத்தால்தான் துரத்தினோம்.

அதோடு அம்மாவுக்குப் பொறுக்கவில்லை. "பிள்ளை ஐஞ்சரைக்குச் சந்தையில நிக்கிறாள். நீங்கள் எட்டரைக்கு வந்து கதிரையில இருந்து கோடு கீறுறியள். அந்த மூண்டு மணித்தியாலம் எங்க போச்சு? முப்பத்து மூண்டு வரியமும் இப்பிடித்தான் கீறினனீங்களோ?"

அப்பா அன்று தேத்தண்ணீர் குடிக்கவில்லை. அவருடைய கோடு பொய் என்று அதுவரை ஒருவரும் சொன்னதில்லை. பின்னேரம் அறிவித்தார்: இனிக் கையெழுத்து ஐந்தரைக்கு, மீன் சந்தையில். கோடு கீறுகிறவரும் ஒப்பமிட வேண்டும்.

முதல் நாள் வெள்ளைச் சேட்டும் கக்கத்தில் கொப்பியுமாக எங்களோடு வந்தார். நாங்கள் மீன் வாங்குகிற றுவைஸ் நானா அவரைக் கண்டதும் தராசை அவசரமாகத் துடைத்தார்.

"ஐயா, தராசு சீல் போட்டதுதான். பாருங்க."

"நான் அதுக்கு வரேல்ல. மகளுக்கு வரவு எடுக்க வந்தனான்."

றுவைஸ் நானாவுக்கு மூச்சு வந்தது. "அப்ப வள்ளக்காரனுகளுக்கும் ஒரு கோடு கீறி விடுங்க ஐயா. இண்டைக்கும் ஒருத்தனையும் காணல்ல."

இரண்டாம் நாள் அப்பாவால் எழும்ப ஏலவில்லை. "கொப்பியைக் கொண்டு போங்கோ, வாறன்" என்றார். ஐந்து முப்பத்தைந்துக்கு அக்காவே அடிமட்டம் வைத்துக் கோட்டைக் கீறினாள். ஐந்து ஐம்பதுக்குப் பொத்தான் மாறிப் போட்ட சேட்டோடு அப்பா வந்தார். கோட்டைப் பார்த்தார். பேனையை வாங்கி அதற்குக் கீழே ஒப்பமிட்டார். அடுத்த நாள் ஆறு மணி ஐந்து நிமிடம். அதற்கடுத்த நாள் ஓட்டோ பிடித்தே வந்தார். ஐந்து முப்பத்தாறு.

"ஒரு நிமிசம்தானே அப்பா."

"மூண்டு நாள்" என்றார் அப்பா. மீன் பெட்டியொன்றைக் கவிழ்த்து அதில் இருந்துவிட்டார்.

அவருடைய விதிப்படி அவர் பணிநீக்கம். அவர் கொப்பியை மூடிவிட்டால் தகுதிகாண் காலமும் மூடிவிடும், பிறகு ஃபானுக்குக் கீழே கதிரை என்று அக்கா பயந்தாள். ஆனால் அந்நேரம் பார்த்து வள்ளங்கள் வந்தன. அவள் ஓடினாள். பெரிய திருக்கை ஒன்றுக்கு விலை பேசி, சேற்றில் குந்தியிருந்து அதை வெட்ட, நான் போனோடு சுற்றிச் சுற்றி நின்றேன். அப்பா பெட்டியை விட்டு அசையவில்லை. வீட்டுக்கு வந்து குளித்து, வீடியோவை வெட்டி ஒட்டி முடிக்க நாலு மணியாயிற்று.

"மத்தியானச் சாப்பாட்டுக்கு எத்தினை மணிக்கு எழும்பினனி?" என்று அப்பா கேட்டார்.

"மறந்துபோனன் அப்பா."

அவர் அலுமாரியைத் திறந்து பழைய விதிக்கோவையை எடுத்தார். இரவுச் சாப்பாடு வரைக்கும் படித்தார். புட்டைக் குழைத்தபடி சொன்னார்:

"பிழை என்னிலதான். உன்னைப் பிழையான வகுப்பில போட்டிட்டன். நீ அலுவலக உத்தியோகத்தர் இல்ல, வெளிக்கள உத்தியோகத்தர். வெளிக்களத்துக்குக் கோடு இல்ல. நாட்குறிப்பு எழுதினால் காணும்."

அக்கா எழுதினாள். அப்பா ஒவ்வொரு பின்னேரமும் வாசித்து ஓரத்தில் 'பார்த்தேன்' என்று ஒப்பமிட்டார். ஒருநாள் மட்டும், 'நண்டு கடித்தது: மருத்துவ லீவு எடுத்திருக்கலாம்' என்று எழுதியிருந்தார்.

மூன்றாம் மாதம் முடிந்த ஞாயிற்றுக்கிழமை மாமா வந்தார். "அத்தான், நாளைக்கு அனுப்புறியளோ? கதிரைக்குக் குசனும் போட்டிட்டன்."

அக்கா கதவுக்குப் பின்னால் என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"விடுவிக்க ஏலாது" என்றார் அப்பா. "அவவுக்குப் பதில் கடமைக்கு ஆள் இல்ல."

"என்ன அத்தான் கதைக்கிறியள்? மீன் வெட்டத்தானே!"

"பதினெட்டு நாட்டில பாக்கிறாங்கள் தம்பி. நீ ஆணி விக்கிறது இஞ்ச இருக்கிற உவர்மலையைத் தாண்டாது."

"பென்சன் இல்லாத வேலை எண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள்?"

அப்பா நாட்குறிப்பை எடுத்து மடியில் வைத்தார். "பென்சன் என்னட்ட ஒண்டு இருக்கு. ஒரு வீட்டுக்கு ஒண்டு காணும்."

அக்காவின் நகம் என் கையில் பதிந்தது. அம்மா குசினிக் கதவை அகலத் திறந்தாள்.

மாமா இரண்டு கிலோ சூரை மீனோடுதான் திரும்பிப் போனார். மாமிக்கு வெட்டத் தெரியாது என்று நின்று, வெட்டியே வாங்கிக்கொண்டார். அன்றைய நாட்குறிப்பில் அதைப் 'பொதுமக்கள் சேவை' என்று பதியச் சொன்னார் அப்பா.