உதடு அசையக் கூடாது

இதில் எவ்வளவு நடந்தது, எவ்வளவு நானே பின்னால் சேர்த்துக்கொண்டது என்று எனக்குத் தெளிவில்லை. அப்போது எனக்கு எட்டு வயது இருக்கலாம். அம்மாவைக் கேட்டால் வேறு மாதிரி சொல்வாள். மேடையில் விழுந்த அந்த மௌனத்தில் மட்டும் எனக்குச் சந்தேகமில்லை.

மாமா நாடகக் குழு நடத்தினார். அம்மா அதற்கு உடைகள் தைத்தாள். ஒத்திகை அறையிலேயே வளர்ந்ததால் எல்லோருடைய வசனமும் எனக்கு அத்துப்படி. முதல் வேடம் கிடைத்ததும் அதுவே வினையாயிற்று. மற்றவர்கள் பேசும்போது என் உதடும் கூடவே அசைந்தது. வீட்டைவிட்டுப் போகும் தகப்பன் உருகிப் பேசுவார். மகளாக நிற்கும் நான் அதையே சத்தமில்லாமல் சொல்லிக்கொண்டிருப்பேன். முன்வரிசை சிரித்தது.

"உன் பொண்ணு என்ன, மேடையில நின்னு அசைபோடுறா?" என்றார் மாமா.

"உன் மருமகதானே அண்ணா. உன் வாய் என்னிக்குச் சும்மா இருந்திருக்கு?"

"விளையாட்டு இல்லம்மா. ஞாயித்துக்கிழமையும் அசைஞ்சா வேற பிள்ளையைப் போட்டுடுவேன்."

அந்த வாரம் முழுக்க வாயில் தண்ணீரை வைத்துக்கொண்டு கண்ணாடி முன் நின்றேன். அம்மா தையல் மெஷினை மிதித்தபடியே தகப்பன் வசனத்தைச் சொல்வாள். முதலில் சட்டையெல்லாம் நனைந்தது. பிறகு நனையவில்லை.

ஞாயிறு மதியக் காட்சி. தகப்பனாக நடித்தவரை எல்லோரும் கர்ஜனை என்று கூப்பிடுவார்கள், குரல் அப்படி. என் முன்னால் மண்டியிட்டு, "இந்த வீட்டுக் கதவை நான்..." என்று ஆரம்பித்தவர் நின்றுவிட்டார். திரைக்குப் பின்னாலிருந்து மாமா அடியெடுத்துக் கொடுத்தார். எனக்குக் கேட்டது. கர்ஜனைக்குக் கேட்கவில்லை. அவர் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அவருக்குக் காது மந்தம் என்பதும், இத்தனை காட்சிகளாக என் உதட்டைப் பார்த்துத்தான் பேசிவந்தார் என்பதும் அப்போதுதான் புரிந்தது. உதட்டை அசைத்தால் எனக்கு வேடம் போய்விடும். அசைக்காவிட்டால் அவர் மானம் போய்விடும். அரங்கில் ஒருவர் இருமி முடித்தார்.

அவர் கன்னத்தைத் தொட்டு, மகளாகவே, உரக்கக் கேட்டேன்: "கதவைச் சாத்திட்டுப் போனா இனிமே திறக்கவே மாட்டீங்களாப்பா?"

நாடகத்தில் அப்படியொரு வசனமே இல்லை. கர்ஜனையின் கண் நிறைந்தது. "திறக்க மாட்டேன் கண்ணு" என்றார். மீதி வசனம் தானாக வந்தது. நான் வாயை மூடிக்கொண்டு, முதல்முறையாக, அவர் சொல்வதைக் கேட்டேன்.

உள்ளே வந்ததும் கர்ஜனை சத்தம் போட்டார். "பிள்ளை வாயை யாருய்யா பூட்டினது?"

"நான்தான். உமக்குக் காது கேக்காதுன்னு எப்ப சொல்றதா இருந்தீர்?" என்றார் மாமா.

கர்ஜனை விக்கைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

"சரி, ரெண்டு பேரும் இருங்க" என்றார் மாமா. "அந்தக் கேள்வியும் இருக்கட்டும்."

கர்ஜனை காது மெஷின் வாங்கிக்கொண்டு, முட்டி வலி வரும்வரை நடித்தார். பிறகு மகன் வீட்டோடு போய்விட்டார். மாமா காலமாகிவிட்டார். குழுவை அத்தை நடத்துகிறாள். அம்மா என்னோடு இருக்கிறாள். கண் சரியில்லாததால் தைப்பதில்லை. நான் பிள்ளை வேடம் தாண்டி, கதாநாயகி வேடம் தாண்டி, இப்போது தாய் வேடங்களில் நடிக்கிறேன். வேறு வேலை எதுவும் பார்த்ததில்லை.