எத்தனை வினாடி?

1

இந்தக் கதை நான் திருடியது. அக்கா போனில் புலம்பினாள், நான் "ம்... ம்..." கொட்டிக்கொண்டே வெட்கமில்லாமல் குறித்துக்கொண்டேன். அக்கா மின்மோட்டார் மெக்கானிக். அவள் புருஷன், அதாவது என் மாமா, இரும்பு கடையும் லேத் ஓட்டுகிறார். இருவருக்கும் ஒரே பட்டறை, தினம் ஒரு சண்டை.

முதல் வரி: மாமாவின் உள்ளங்கை உழைப்பின் வரைபடம்போல...

(அடித்துவிட்டேன். தோல் தடித்திருக்கிறது, அவ்வளவுதான்.)

லேத்தில் இரும்புத் துண்டைக் கவ்விக்கொண்டு சுற்றும் கனத்த வட்டுக்குச் சக் என்று பேர். சுவிட்சை அணைத்த பிறகும் அது கொஞ்ச நேரம் சுற்றும். மாமாவுக்குப் பொறுமை ஏது? உள்ளங்கையை வைத்து அழுத்தி நிறுத்துவார். இருபது வருஷப் பழக்கம். போன மாதம் சட்டைக்கை மாட்டிக் கிழிந்தது, கை மயிரிழையில் தப்பியது. அக்கா அன்று முழுக்கச் சாப்பிடவில்லை.

2

அக்கா லேத்தின் பழைய மோட்டாரைக் கழற்றிவிட்டுப் புதுசு மாட்டினாள். கூடவே ஒரு கண்ட்ரோல் பெட்டி. வேகத்தை மாற்ற இனி பெல்ட்டோடு மல்லுக்கட்ட வேண்டாம், ஒரு குமிழைத் திருகினால் போதும். (இங்கே மின்னணு விளக்கம் இரண்டு பக்கம் இருந்தது. எனக்கே புரியவில்லை, தூக்கிவிட்டேன்.) சுவிட்சை அணைத்தபின் எத்தனை வினாடியில் சக் நிற்கவேண்டும் என்பதையும் அதில் எண்ணாகப் போடலாம். அக்கா ஒன்று போட்டாள். ஒரே வினாடி!

"இனிமே உங்க கைக்கு அங்க வேலையே இல்ல."

"பாப்போம், பாப்போம்," என்று மாமா லேத்தைக் கொஞ்சம் ஓட்டிவிட்டு, சுவிட்சை அணைத்தார்.

3

இதோடு முடித்திருந்தால் நல்ல பிள்ளையாகப் பேர் வாங்கியிருப்பேன். சக் விடவில்லை.

அந்த லேத்தில், மோட்டார் சுற்றும் தண்டின் முனை மரையில், போல்ட்டில் நட்டு மாட்டுவதுபோல சக்கை முறுக்கித்தான் மாட்டியிருக்கிறார்கள். தண்டு சட்டென்று நின்றதும், சக் மட்டும் தன் பாட்டுக்குச் சுற்றி, மரை கழன்று, தடாலென்று விழுந்து வாசலைப் பார்த்து உருண்டது. மாமா துள்ளி ஓரம் போனார். அந்த வயதில் அவ்வளவு உயரம்!

"கையக் காப்பாத்துறேன்னு கால வாங்கப் பாத்தியேடி!"

அக்கா சிரித்தாள். அப்புறம் அங்கேயே உட்கார்ந்து அழுதாள்.*

* "அழுதேன்னு எழுதாதடா" என்றாள். எழுதிவிட்டேன்.

4

ஆறு வினாடி போட்டால் சக் கழலாது. ஆனால் மாமா மூன்று வரைதான் பொறுப்பார், நாலாவதில் கை தானாகப் போய்விடும். அக்கா எண்ணிப் பார்த்திருக்கிறாள்.

முடிவு அ: மாமா திருந்துகிறார். (அக்கா படித்துவிட்டு, "எந்த மாமா?" என்றாள்.)

முடிவு ஆ: மாமாவின் கையைக் கட்டிப்போடுகிறார்கள். லேத்தை யார் ஓட்டுவது, நானா?

முடிவு இ: ஒன்றுக்கும் ஆறுக்கும் நடுவில் ஒரு எண்...

"சக் கழலுமாக்கா?"

"கழலலாம். கழலாமலும் போகலாம். எழுதுறவன்தானே, நீயே ஒரு எண் சொல்லு."

எனக்குப் பயம். வாய் கிழியப் பேசுவேனே தவிர, ஒரு மனுஷனுடைய கையை வைத்து விளையாடத் தைரியமில்லை. பெட்டியை உங்கள் பக்கம் தள்ளிவிட்டேன். எண்ணைப் போடுங்கள்.

போட்டுவிட்டீர்களா? மாமா சுவிட்சை அணைத்துவிட்டார். அக்கா சக்கைப் பார்க்கவில்லை, அவர் கையையே பார்த்துக்கொண்டு எண்ணுகிறாள்.

ஒண்ணு.

ரெண்டு.

மூணு.